'சேட்டை' என்ற சொல் எப்படி வந்தது? அதன் பொருள் என்ன?

சும்மா இருக்க முடியாமல் கையும் காலும் செய்கிற குறும்புதான் சேட்டை. வடமொழியில் 'சேஷ்டா' என்றால் அசைவு, செயல், அவ்வளவுதான். நஷ்டம் 'நட்டம்' ஆனதுபோல இதுவும் தமிழில் சேட்டை ஆகிவிட்டது. அசைவைக் குறித்த சொல் குறும்புக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. சாவி கொடுத்த பொம்மையை மேசையில் விட்டால் எதையாவது தள்ளிவிட்டுத்தானே நிற்கும்? உடல் அசைவை 'அங்க சேட்டை' என்று சொல்லும்போது பழைய பொருள் இன்னும் எட்டிப்பார்க்கிறது. வெறும் பேச்சில் செய்வதைக் குறும்பு என்போம். சேட்டை என்றால் உடம்பும் கொஞ்சம் ஆட வேண்டும், குரங்குச் சேட்டை மாதிரி.

அப்புறம், மூதேவிக்கும் சேட்டை என்று ஒரு பெயர் உண்டு. அது மூத்தவள் என்று பொருள்படும் 'ஜ்யேஷ்டா'விலிருந்து வந்த வேறு சொல், குறும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.