‘பனி’ என்றால் காய்ச்சலா? வார்டில் வாயடைத்து நிற்கும் மாணவருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் பாலக்காடு பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. வீட்டில் தமிழ்தான். முதல் ஆண்டில் நல்ல மார்க். வார்டு போஸ்டிங் தொடங்கியதிலிருந்து நோயாளி முன்னால் போய் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நோய் விவரம் கேட்டு எழுதுவதை ‘ஹிஸ்டரி’ எடுப்பது என்போம்; அதற்கு மனப்பாடம் பண்ணிய கேள்விகளை வரிசையாக ஒப்பிக்கிறேன். போன வாரம் சார், “இது ஹிஸ்டரியா, போலீஸ் விசாரணையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று கூடப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஏட்காம் (மனப்பான்மை, அறநெறி, பேச்சுத் திறன் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். இதெல்லாம் பிறவிக் குணம்தானே, படித்து வருமா? வருமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரியாமல் மற்றதைச் சொல்லி என்ன பயன்?

நாடி பார்க்க யாரும் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வருவதில்லை. முதல் வாரம் நம் விரலின் துடிப்பையே நோயாளியின் துடிப்பென்று எண்ணி எழுதியவர்கள்தான் எல்லோரும். நானும்தான். பேச்சும் அந்த மாதிரிதான். மனப்பான்மை என்பதை நாம் ஏதோ நெஞ்சுக்குள் இருக்கும் பொருள் போலவும், அது முதலில் நல்லதாகிவிட்டால் நடத்தை தானாகச் சரியாகிவிடும் போலவும் நினைக்கிறோம். இந்த எல்லைப் பக்கத்தில் முப்பது வருடமாக ஓ.பி. பார்த்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வது, பேரைக் கேட்பது, வயிற்றைத் தொடுமுன் நம் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது, பார்த்து முடித்ததும் விலகிய சேலையை நாமே இழுத்து மூடிவிடுவது, இப்படிக் கை செய்கிற சின்னச் சின்னப் பழக்கங்கள் முதலில் வரும். மனசு பின்னாலேயே மெதுவாக வந்து சேரும். மனசு வரட்டும் என்று காத்திருந்தால், பயிற்சி டாக்டராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் வருடமே முடிந்துவிடும்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ல் ஏட்காம் பாடத் தொகுப்பைக் கொண்டுவந்து, 2019-ல் சேர்ந்த பேட்ச் முதல் எல்லா வருடமும் படித்தாக வேண்டும் என்று வைத்ததும் இது கற்றுத் தரக்கூடியது என்ற நம்பிக்கையில்தான். எங்கள் காலத்தில் இப்படி ஒரு வகுப்பே கிடையாது. சீனியரைப் பார்த்துக் கற்றோம். நல்ல சீனியர் வாய்த்தவன் பிழைத்தான், மற்றவன் நோயாளியை அதட்டக் கற்றுக்கொண்டான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்புக்காக எழுதச் சொல்லும் அனுபவக் குறிப்பைச் சீனியரின் ரெக்கார்டிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். எல்லோரும் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். உடற்கூறு ரெக்கார்டைப் பார்த்து வரைந்தால்கூடக் கொஞ்சம் உடற்கூறு ஒட்டும். இதில் ஒன்றுமே ஒட்டாது.

இனி உங்கள் சார் சொன்ன போலீஸ் விசாரணை. அவர் அதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவர் கண்டது சரி. உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: எத்தனை நாளாக, எந்த நேரத்தில், எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது. நோயாளி வாய் திறக்குமுன்பே நீங்கள் பட்டியலைத் திறந்துவிடுகிறீர்கள். இது புது ஆட்களின் குற்றம் மட்டுமில்லை. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர், மருத்துவர்களின் அறையில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடியில் மருத்துவர் குறுக்கே புகுந்துவிட்டார். விட்டால் நோயாளி நாள் முழுக்கப் பேசுவார் என்ற பயம் நமக்கு. ஸ்விட்சர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் 335 புறநோயாளிகளை இடைமறிக்காமல் பேசவிட்டு நேரம் பார்த்தார்கள். 2002-ல் வெளிவந்த அந்த ஆய்வில், அவர்கள் தாமாக நிறுத்துவதற்கு ஆன சராசரி நேரம் 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

ஆகவே முதல் இரண்டு நிமிடம் உங்களுடையது இல்லை. உட்காருங்கள். “நான் இங்கே படிக்கிற பையனுங்க. உங்ககிட்ட கொஞ்சம் பேசிக் கத்துக்கலாமுங்களா?” என்று கேளுங்கள். டாக்டர் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். கழுத்தில் ஸ்டெத் தொங்கினால் அவர்களே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அப்போதும் ஒரு தடவை திருத்திவிடுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள். காலையிலிருந்து அவர் வயிற்றை நான்கு பேட்ச் அமுக்கியிருக்கும். சம்மதித்தால், “என்ன பண்ணுதுன்னு முதல்லயிருந்து சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். மலையாளம் பேசுபவர் என்றால் “பறஞ்ஞோளூ” என்ற ஒரு சொல் போதும். பேனா பையிலேயே இருக்கட்டும். நீங்கள் வெட்கப்படும் ஆள் என்பதால் இது உங்களுக்கு மற்றவர்களைவிடச் சுலபம். வாயாடிகளுக்குத்தான் இந்த இரண்டு நிமிடம் நரகம்.

பிறகு கேள்வி. ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிகிற கேள்வியைக் கேட்டால் அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. “மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?” என்றால் யாராவது இல்லை என்பார்களா? “எல்லாருக்கும் மாத்திரை விட்டுப்போகும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். பிரஷர் மாத்திரையைத் தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொள்கிறவர் அப்போதுதான் வெளியே வருவார்.

நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. “குடிப்பீங்களா?” என்று கேட்டால், “ஐயோ, அந்தப் பழக்கமே இல்லைங்க” என்பார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் குடி என்றால் பாட்டில். கள்ளு குடியில் சேராது. “கள்ளு உண்டுங்களா?” என்று தனியாகக் கேட்க வேண்டும். “அது சாயங்காலம் ரெண்டு குப்பி” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்கு நீங்கள் முகம் சுளித்தால், இரண்டு குப்பி அடுத்த முறை அரைக் குப்பியாகிவிடும், கேஸ் ஷீட்டில் மட்டும்.

மொழிக்கு வருகிறேன். எனக்கு உங்கள்மேல் கோபம் வரும் இடம் இதுதான். தமிழ் வாடையைக் குறையென்று எழுதியிருக்கிறீர்கள்.

வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், விடியுமுன் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிற பெரியவர் ஒருவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். கேஸ் எடுத்த பையன் தெற்கேயிருந்து வந்தவன், நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். ‘காய்ச்சல், ஒரு மாதமாக, அதிகாலையில் அதிகம்’ என்று எழுதியிருந்தான். மலேரியா, டைஃபாய்டு, காசம் எல்லாவற்றுக்கும் ரத்தமும் சளியும் போயிருந்தன. டெம்பரேச்சர் சார்ட்டில் ஒரு நாள்கூட 99-ஐத் தாண்டவில்லை. ரவுண்ட்ஸில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னங்க பண்ணுது?” என்றேன். “பனி ஒத்துக்கறதில்லைங்க. வெடியால பனியில போனா நெஞ்சு அடைச்சுக்குது” என்றார். அவர் சொன்னது வெளியே பெய்கிற பனி. பையன் காதில் விழுந்தது மலையாளப் ‘பனி’, அதாவது காய்ச்சல். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் விசில் சத்தம். பழைய பீடி, பழைய இளைப்பு. அவர் உடம்பில் ஒரு மாதமாக இல்லாத காய்ச்சலுக்கு நாங்கள் மூன்று நாள் ரத்தம் எடுத்திருந்தோம்.

அந்த வார்டில் நீங்கள் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் பிடித்திருப்பீர்கள். இந்த எல்லைப் பக்கம் முழுக்க இப்படிச் சொற்கள் உண்டு. மலையாளத்தில் ‘சம்சாரம்’ பேச்சு, நமக்கு மனைவி. “சம்சாரத்தில் வல்ல பிரஸ்னமும் உண்டோ?” என்று, வாய் கோணியிருக்கிறதா என்று பார்க்கக் கேட்ட டாக்டரிடம் குடும்பச் சண்டையைக் கொட்டியவரை எனக்குத் தெரியும். நம் பெண்கள் ‘இடுப்பு வலி’ என்றால் முதுகெலும்பாகவும் இருக்கலாம், பிரசவ வலியாகவும் இருக்கலாம். வடக்கே ஆந்திர எல்லையில் இருக்கும் நண்பர் சொல்வார்: தெலுங்கில் ‘ஆயாசம்’ மூச்சு வாங்குவது, தமிழில் களைப்பு, ஒரு சொல்லில் இதய நோய் தப்பிப்போகும் என்று. ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். நோயாளி சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே ஒரு பக்கம், அதற்கு அவர் விளக்கிய பொருளை எதிர்ப்பக்கம். ‘கிறுகிறுப்பு’, ‘மதமதப்பு’, ‘நெஞ்சு கரிக்குது’, ‘ஓங்காளம்’. ஆறு மாதத்தில், சிரித்தவர்கள் அந்த நோட்டைக் கடன் கேட்பார்கள்.

மலையாளம் தடுமாறும்போது நோயாளியிடமே சொல்லிவிடலாம்: “என் மலையாளம் கொஞ்சம் மோசம், தப்பா சொன்னா திருத்துங்க.” வார்டில் இருக்கும் சேச்சிமார் வாத்தியார் வேலையை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்கள். சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டார்.

இன்னொரு எல்லைச் சங்கதி. புரியாது என்று நினைத்து நோயாளியின் தலைமாட்டில் வேறு மொழியில் பேசாதீர்கள். பாலக்காட்டில் தமிழ் புரியாத ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலமும் மறைப்பு ஆகாது. புற்றுநோயை ‘சி.ஏ.’, ‘மைட்டோட்டிக்’ என்று நாம் கிசுகிசுப்பதன் அர்த்தம் கூட இருக்கும் மகளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். கோயம்புத்தூர் பஸ்ஸிலும் கேஸைப் பற்றிப் பேச வேண்டாம். முன் சீட்டில் அந்த நோயாளியின் மச்சான் உட்கார்ந்திருப்பார்.

“எனக்கு என்ன வியாதி?” என்று நோயாளி உங்களையே கேட்கும் நாள் வரும். பொய்யும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். கெட்ட செய்தி சொல்வதற்கு 2000-ல் வெளிவந்த ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையை உங்களுக்கு நடத்துவார்கள். அதைச் செய்ய வேண்டியது உங்கள் யூனிட் சார். உங்களுக்கு இப்போது அதில் ஒரு படி போதும்: “உங்களுக்கு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?” பதிலைக் கேளுங்கள். பிறகு, “நான் படிக்கிற பையன், எனக்குச் சொல்லத் தெரியாது. சார்கிட்ட நீங்க கேட்டதைச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போய்ச் சொல்லுங்கள். சாயங்காலம் திரும்பி வந்து, “சொல்லிட்டேங்க, நாளைக்கு ரவுண்ட்ஸ்ல பேசறேன்னார்” என்று தெரிவியுங்கள். அந்தத் திரும்பி வருதலை நான் பார்த்த மாணவர்களில் பத்தில் ஒருவன்தான் செய்தான்.

நாம் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு “புரிஞ்சுதுங்களா?” என்ற கேள்வி உதவவே உதவாது. “சரிங்க” என்று தலையாட்டுவார்கள். என் சொந்தக் கதை: இளைப்புக்கார அம்மா ஒருவருக்கு, உறிஞ்சும் கருவியில் போடுகிற கேப்சூலை எழுதிக்கொடுத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றேன். ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்க வந்தார். கருவி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது. கேப்சூலை வெந்நீரோடு விழுங்கியிருந்தார், ஒரு வேளை தவறாமல். அவர் மேல் என்ன தப்பு? அன்றிலிருந்து, “வீட்டுக்குப் போனதும் மருமககிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க, எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க” என்று கேட்கிறேன். சோதிப்பது போல இல்லாமல், நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கக் கேட்பதாகச் சொல்லிவிடுவேன்.

நம்மையறியாமல் மனப்பான்மை கெடுவது வார்த்தையில்தான் முதலில் தெரியும். ‘பெட் நம்பர் 14’, ‘ஆல்கஹாலிக் ஒண்ணு வந்திருக்கு’, ‘பாய்சன் கேஸ்’. பூச்சிமருந்து குடித்த பெண்ணின் கட்டிலருகே ஊரே கூடி நின்று ஏன் குடித்தாய் என்று கேட்பதைப் பார்ப்பீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நீங்கள் போய் “தண்ணி வேணுமுங்களா?” என்று கேளுங்கள், கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள், அன்றைக்கு அது போதும். கேஸ் பிரசன்ட் பண்ணும்போது நோயாளியின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். நர்ஸ், அட்டெண்டர் பெயர்களும் தெரிந்திருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு உங்களைக் காப்பாற்றப் போகிறவர்கள் அவர்கள்தான். வார்டில் எடுத்த போட்டோ, முகம் மறைத்ததானாலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகக் கூடாது.

பழகுவதற்கு இடம் கேட்டால், கேரளத்தில் படிக்கிற உங்களுக்கு ஒன்று கைவசம் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித் தணிப்பு முயற்சி வளர்ந்து, 2008-ல் மாநில அரசே பாலியேட்டிவ் (தீராத நோயில் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு) கொள்கை வெளியிட்டது. இன்று பஞ்சாயத்துதோறும் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ்கள் உண்டு. லீவு நாளில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மெடிக்கல் ஆபீசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர்கள் வண்டியில் ஏறுங்கள். மாதம் இரண்டு நாள் போதும். அங்கே நீங்கள் எடுக்க ஹிஸ்டரி இல்லை, பிரசன்ட் பண்ணச் சார் இல்லை, மார்க் இல்லை. நர்ஸ் புண்ணுக்கு மருந்து கட்டும்போது அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பதுதான் வேலை. மழை பெய்ததா, பேரன் எப்போது வருவான், இந்த வருடம் மாங்காய் எப்படி. செருப்பை வாசலில் கழற்றுங்கள், கொடுத்த டீயைக் குடியுங்கள். திங்கட்கிழமை வார்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். நாக்கு இன்னும் ஒட்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.