டயாலிசிஸில் ‘உலர் எடை’ என்றால் என்ன?

மிகுதி நீரெல்லாம் வெளியேறி, கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இல்லாதபோது உள்ள எடைதான் உலர் எடை. சிறுநீரகம் ஓர் அணை மதகு மாதிரி. எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். டயாலிசிஸில் அது வாரத்துக்கு 2, 3 முறைதான் திறக்கிறது. இடையில் ஏறும் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், பாரம் இதயத்துக்கு.

செங்கோட்டைப் பக்கம் தண்ணீரை அளந்து குடிப்பவர்கூட கஞ்சிக்கு உப்புமாங்காய் தொட்டுக்கொள்வார். அப்புறம் தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? (கஞ்சித் தண்ணீரும் கணக்கில் சேரும்.)

‘சாப்பாட்டைக் குறைத்தால் எடை ஏறாது’ என்று பட்டினி கிடப்பது தவறு: டயாலிசிஸில் புரதச்சத்தும் கொஞ்சம் போய்விடுகிறது, கிலோ எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. சதை கரைந்து அந்த இடத்தில் நீர் சேர்ந்தால் ஆயுளுக்கே ஆபத்து, ஆனால் தராசு அதே எண்ணைத்தான் காட்டும்.