செருப்பைப் பார்த்துவிட்டுப் போனவர்

கேள்வி: வறுமையில் அடிபட்டு வளர்ந்தவன் நான். இன்று வசதி வந்தும் செலவு செய்யக் கை வருவதில்லை. மகளோ, "இந்த வேலை பிடிக்கவில்லை, விடப்போகிறேன். எனக்குச் சுதந்திரம் வேண்டும்" என்கிறாள். கஷ்டம் தெரியாமல் வளர்ந்ததால்தான் இப்படிப் பேசுகிறாளா?

பதில்: எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா கடனில் மூழ்கியிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் உள் அறைக்குப் போய்விடுவார். நான்தான் பாதிக் கதவைத் திறந்து, "அப்பா ஊரில் இல்லை" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் வந்தவர் திட்டவில்லை. வாசலில் கிடந்த அப்பாவின் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசாமல் போய்விட்டார். அதன்பிறகு தாழ்ப்பாளைத் தொட்டாலே எனக்குக் கை வேர்க்கும்.

யார் தட்டினாலும் பயமில்லாமல் கதவைத் திறக்க முடிவதுதான் எனக்குச் சுதந்திரம். அதற்காகவே கடன் வாங்காமல் வாழ்ந்தேன். என் பிள்ளைகளை ஒரு பொய்கூடச் சொல்ல வைத்ததில்லை. கூடவே ஒரு கெட்ட குணமும் ஒட்டிக்கொண்டது. கடன் கேட்டு வந்தவர்களையெல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்தேன். அப்பாவையும் அப்படித்தான் நினைத்தேன், அவர் இறந்த பிறகும்.

அந்த எண்ணத்தை அசைத்தது பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்ன நிகழ்ச்சி. 1944, டாக்காவில் மதக்கலவரம். சென்னுக்குப் பத்து வயது. கத்திக்குத்துப்பட்ட ஒரு முஸ்லிம் கூலித் தொழிலாளி ரத்தம் வழிய சென் வீட்டுத் தோட்டத்துக்குள் வந்து தண்ணீர் கேட்டார். அந்தப் பக்கம் போகாதே என்று மனைவி தடுத்திருக்கிறார். வீட்டில் சாப்பிட ஒன்றுமில்லை என்பதால் வேலை தேடி வந்திருக்கிறார். மருத்துவமனையில் இறந்துபோனார். பயந்து வீட்டோடு இருக்கும் சுதந்திரம்கூட ஏழைக்கு இல்லை என்பதைச் சென் மறக்கவேயில்லை.

கவனியுங்கள், சென் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளை. அடுத்தவர் கஷ்டத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். உங்கள் மகளாலும் முடியும். ஆனால் "நான் பட்ட பாடு தெரியுமா" என்று ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்வாள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், எனக்கு அந்தச் செருப்புப் போல உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.

பிடிக்காத வேலையை விடலாம் என்று அவளால் நினைக்க முடிகிறதே, அது நீங்கள் உழைத்துக் கொடுத்தது ஐயா. அடுத்த ஆறு மாதத்துக்குக் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பதில் வைத்திருந்தாள் என்றால் தடுக்காதீர்கள்.