அவருடைய மேசையும் என் மாடிப்படியும்

கேள்வி: வயது 71. கணவர் இல்லை. சின்ன வீட்டுக்கு மாறச் சொல்கிறான் மகன். அவருடைய எழுத்து மேசையை விட்டுப் போக மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நானும் 68 வயதில் இப்படிக் குழம்பியவள்தான். ஒரு வாரம், எந்தெந்த அறைக்குள் போனேன் என்று காலண்டரில் குறித்து வைத்தேன். மாடிக்கு ஒரே தடவை, அதுவும் தூசி தட்ட! அதற்கே முழங்கால் இரண்டு நாள் கோபித்துக்கொண்டது. நீங்களும் குறித்துப் பாருங்கள்.

வீட்டை உடனே விற்க வேண்டாம். ஆறு மாதம் சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்து பாருங்கள். அப்புறம், குளியலறை வாசலை அளந்துவிடுங்கள், 80 செ.மீ.யாவது இல்லாவிட்டால் சக்கர நாற்காலி நுழையச் சிரமம். நான் அளக்காமல் போய், பிறகு சுவரை இடிக்க வேண்டியதாயிற்று.

மேசைதானே? சரி, அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். மகனிடம் அனுமதியெல்லாம் கேட்காதீர்கள்.