பிழை யார் தலையில் விழும்? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். முழுநேர ஊழியர்கள் 4 பேர். மற்றவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். ஆண்டுதோறும் 1,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வருகின்றன. அவர்களில் 120 பேருக்கு உதவ முடிந்தாலே எங்களுக்கு அது நல்ல ஆண்டு.

சென்ற மாதக் கூட்டத்தில் எங்கள் அறங்காவலர் ஒருவர், இனி எல்லா வேலைகளிலும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டும் என்றார். நிதி கேட்டு எழுதும் முன்மொழிவுகள், நன்கொடையாளர்களுக்கான அறிக்கைகள், விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்துவது, இரவில் மாணவர்கள் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று ஒரு பட்டியலே தந்தார். ஊழியர்களில் இருவர் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு விசாரித்தபோது, எதிர்த்தவர்களில் ஒருவர் உட்படப் பலரும் பல மாதங்களாகத் தங்கள் கைபேசியில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தி வருவது தெரிந்தது. வீடுகளுக்குச் சென்று எடுத்த நேர்காணல் குறிப்புகளைக்கூட அதில் இட்டுச் சுருக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நிதி திரட்டும் துண்டறிக்கைக்காகத் தன்னார்வலர் ஒருவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு சிறுமியின் படத்தை உருவாக்கித் தந்தார். உண்மையான எந்தப் பிள்ளையின் முகமும் வெளியே தெரியாது, ஆகவே இதுதான் நல்லது என்பது அவர் வாதம். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை.

இதைப் பயன்படுத்தினால் பொறுப்பற்றவர்கள் ஆகிவிடுவோமோ, பயன்படுத்தாவிட்டால் இன்னும் பலருக்கு உதவும் வாய்ப்பை இழந்துவிடுவோமோ என்ற இரண்டு அச்சங்களும் எனக்கு இருக்கின்றன. எங்கள் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நானும் சில ஆண்டுகள் ஓர் உதவித்தொகைக் குழுவில் அமர்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன் என்பதால் உங்கள் கடிதம் எனக்கு நெருக்கமாக இருந்தது. உங்கள் இரண்டு அச்சங்களுமே நியாயமானவை.

அறங்காவலர் தந்த பட்டியலில் உள்ள வேலைகள் ஒரே தன்மையானவை அல்ல. ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இதில் இயந்திரம் பிழை செய்தால் அது யார் தலையில் விழும்? உங்கள் ஊழியர் தலையில் விழுந்து, அவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளக்கூடிய பிழை என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். உதவி கேட்டு வந்தவர் தலையில், அவருக்குத் தெரியாமலேயே விழக்கூடிய பிழை என்றால் அந்த வேலையை இயந்திரத்தின் பொறுப்பில் விடக்கூடாது. ஒரு வணிக நிறுவனத்தின் சேவை பிடிக்காதவர் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விடுவார். தொண்டு நிறுவனத்தின் வாசலுக்கு வருபவருக்குப் பெரும்பாலும் வேறு வாசல் இல்லை. தமக்கு இழைக்கப்பட்ட தவறு தெரிந்தாலும், அடுத்த ஆண்டு கிடைக்கக்கூடிய உதவியும் போய்விடுமோ என்று அஞ்சி அவர் வாய் திறக்கமாட்டார். முறையீடு வரவில்லை என்பதை வைத்து எல்லாம் சரியாக நடக்கிறது என்று தொண்டு நிறுவனம் எண்ணிக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

முன்மொழிவுகளும் அறிக்கைகளும் முதல் வகையைச் சேர்ந்தவை. ஒரே திட்டத்தை ஐந்து நிதி நிறுவனங்களுக்கு ஐந்து வடிவங்களில், ஐந்து வெவ்வேறு சொல் வரம்புகளுக்குள் எழுதிக் கொடுப்பதில் உங்களைப் போன்றவர்களின் எத்தனை மாலைப்பொழுதுகள் கரைகின்றன என்பதை அறிவேன். முதல் வரைவு, சுருக்கம், மொழிபெயர்ப்பு, கூட்டக் குறிப்பு, நன்றிக் கடிதத்தின் மாதிரி, எக்செல் சூத்திரம் ஆகியவற்றுக்குக் கருவியை வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்வதில் செலவிடுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் சொல்வேன். அந்த வரைவில் வரும் ஒவ்வொரு எண்ணையும் உங்கள் பதிவேட்டோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த மென்பொருள்கள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கணித்து எழுதுபவை. ஆகவே நீங்கள் தராத எண்ணையும், நடக்காத பயிற்சி முகாமையும், உண்மையைச் சொல்லும் அதே உறுதியோடு அவற்றால் எழுத முடியும். நன்கொடையாளரிடம் போய்ச் சேர்ந்த பொய்யான எண்ணுக்கு நீங்கள்தான் பொறுப்பு. மென்பொருள் எழுதியது என்ற விளக்கத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

நேர்காணல் குறிப்புகள் தொடர்பாக நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன.

ஒன்று, துல்லியம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் கருவியை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, அது எழுதித் தந்த பதிவுகளில் ஏறத்தாழ 1 விழுக்காட்டில் யாருமே பேசாத முழுத் தொடர்கள் இருந்ததையும், அப்படிப் புனையப்பட்டவற்றில் 38 விழுக்காடு தீங்கு விளைவிக்கக்கூடியவையாக இருந்ததையும் கண்டது. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களின் பதிவுகளில், அவர்கள் பேச்சில் இருக்கும் நீண்ட இடைவெளிகள் காரணமாக, இது கூடுதலாக நிகழ்ந்தது. உங்கள் நேர்காணல்களை நினைத்துப் பாருங்கள். கணவர் இறந்ததைச் சொல்லத் தொடங்கி இடையில் நிறுத்திவிடும் ஒரு தாயின் மௌனத்தை, அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தால் இயந்திரம் நிரப்பிவிட்டால், அந்த வாக்கியம் அவர் கோப்பில் அவர் சொன்னதாகவே நிலைத்துவிடும்.

மற்றொன்று, நம்பிக்கை. அந்தத் தாய் தம் கதையை உங்கள் ஊழியரிடம்தான் சொன்னார். ஊழியரின் சொந்தக் கணக்கு வழியாக அது வேறொரு நிறுவனத்தின் கணினிக்குப் போனதை அவர் அறியமாட்டார். இலவசக் கணக்குகளில் இடப்படும் உரையாடல்கள், பயனர் தாமாக அமைப்பை மாற்றிவைக்காவிட்டால், அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்தப்படக்கூடும். பெயரை நீக்கிவிட்டோம் என்பது போதாது. வயது, படிக்கும் கல்லூரி, தந்தை இறந்த விதம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே ஒரு பிள்ளையை அடையாளம் கண்டுவிடலாம். 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகள் ஊடுருவப்பட்டபோது, போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உள்ளிட்ட 5,15,000-க்கு மேற்பட்டோரின் விவரங்கள் வெளியார் கைக்குப் போயின. அத்தனை பெரிய அமைப்புக்கே அது நேர்ந்தது என்றால், நமக்கு நேராது என்று நினைத்துக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆனால் அந்த ஊழியர்களைக் கண்டிக்காதீர்கள். வேலைப் பளுவில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார்கள். எது கூடும், எது கூடாது என்று நீங்கள் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தடை விதித்தால் கைபேசிகள் மேசைக்கு அடியில் போகும், அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரில் கட்டணக் கணக்கு ஒன்றை எடுங்கள். பயனாளியைப் பற்றிய எதையும் அதில் இடக்கூடாது என்பதை முதல் விதியாக ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாரும் கூடிப் பேசி ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி விண்ணப்பங்கள். 1,000 பேரில் 120 பேரைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இயந்திரத்தின் துணையை நாடத் தோன்றுவது இயல்பே. இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க நல்ல முன்னுதாரணமும் உண்டு. 2020-இல் கொரோனா முடக்கத்தின்போது ஆப்பிரிக்க நாடான டோகோவில், அரசும் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனமும் ஆய்வாளர்களோடு சேர்ந்து, செயற்கைக்கோள் படங்களையும் கைபேசிப் பயன்பாட்டுத் தரவுகளையும் தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் முறையில் அலசி, மிக ஏழ்மையானவர்களைக் கண்டறிந்து அவர்கள் கைபேசிக்கே பணம் அனுப்பினார்கள். 2022-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, வட்டார அளவில் ஏழைப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளோடு ஒப்பிட்டால், தகுதியுள்ளவர்கள் விடுபட்டுப் போவது 4 முதல் 21 விழுக்காடு வரை குறைந்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. முழுமையான குடும்பப் பதிவேடு ஒன்று அந்த நாட்டில் இருந்திருந்தால், அதோடு ஒப்பிடும்போது இந்த முறையில் விடுபடுபவர்கள் 9 முதல் 35 விழுக்காடு வரை அதிகமாக இருந்திருப்பார்கள். அங்கே பட்டியல் இல்லை, வீடுவீடாகச் செல்லவும் வழியில்லை. அந்த இருட்டில் இயந்திரம் ஒரு விளக்காயிற்று. உங்கள் மேசையிலோ ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் எழுதிய விண்ணப்பம் இருக்கிறது. அதைப் படிக்க ஆள் போதவில்லை என்பதுதான் உங்கள் குறை.

நான் குழுவில் இருந்தபோது, குடும்ப வருமானம் என்ற கட்டம் நிரப்பப்படாத ஒரு விண்ணப்பத்தை முழுமையற்றது என்று தனியே எடுத்துவைத்துவிட்டேன். வேறொரு தன்னார்வலர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், அம்மாவுக்கு வேலை இருக்கும் நாளில்தான் வருமானம், ஆகையால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று சிறிய எழுத்தில் இருந்தது. அந்த ஆண்டு நாங்கள் தேர்ந்தெடுத்தவர்களில் எல்லாரையும்விடத் தேவை மிகுந்த பிள்ளை அவள்தான். மனிதனாகிய நானே தவறவிட்டதுதான் அது. ஆனால் திருத்துவதற்குப் பக்கத்தில் இன்னொரு மனிதர் இருந்தார். தரவரிசை போடும் மென்பொருள் 1,000 விண்ணப்பங்களிலும் அதே தவற்றை ஒரே சீராகச் செய்யும். அதன் பட்டியலில் 700-ஆம் இடத்தில் இருக்கும் தாளைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பழைய ஆண்டுகளின் தேர்வுகளைக் கொடுத்து அதைப் பழக்கினால் நம் பழைய ஓரவஞ்சனைகளையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். நன்றாகக் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளை முன்னே வரும். எழுதத் தெரியாத பிள்ளை பின்னே போகும்.

ஆகவே தரவரிசை வேண்டாம். எந்த விண்ணப்பத்தில் எந்தச் சான்றிதழ் குறைகிறது, ஒரே விண்ணப்பம் இருமுறை வந்திருக்கிறதா என்பன போன்ற எழுத்தர் வேலைகளை, உங்கள் கணினியிலேயே இயங்கும் எளிய மென்பொருளிடம் கொடுக்கலாம். அதற்குப் பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவுகூடத் தேவைப்படாது. ஒருவரை விலக்கும் முடிவு எதுவும், அந்தத் தாளை முழுக்கப் படித்த ஒரு மனிதரின் கையெழுத்தில்லாமல் எடுக்கப்படக்கூடாது.

இரவு நேரக் கேள்விகளுக்கு வருகிறேன். விண்ணப்பத்தின் கடைசி நாள் எது, என்னென்ன சான்றிதழ்கள் வேண்டும் என்பவற்றுக்கு நீங்களே எழுதி வைத்த பதில்களைத் தானாக அனுப்பும் ஏற்பாடு போதும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு மாணவன், உதவி கிடைக்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று எழுதுவான். உடல் எடையைப் பற்றிய அச்சத்தால் பட்டினி கிடப்பது போன்ற உணவுக் கோளாறுகள் உள்ளவர்களுக்கு உதவும் அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறுகள் சங்கம் 2023-இல் தன் உதவி எண்ணை மூட முடிவெடுத்த நேரத்தில், டெஸ்ஸா என்ற உரையாடல் மென்பொருள் அங்கே இயங்கிவந்தது. உணவுக் கோளாற்றால் துன்புறுகிறவர்களுக்கு அது உடல் எடையைக் குறைக்கவும் கலோரிகளை எண்ணவும் வழி சொன்னது வெளியே தெரிந்தது. மே மாத இறுதியில் அதை நிறுத்தினார்கள். முன்பே எழுதி வைத்த பதில்களை மட்டும் சொல்வதாக இருந்த அந்த மென்பொருளில், புதிதாகப் பதில் உருவாக்கும் திறனை அதை நடத்திய நிறுவனம் பின்னர் சேர்த்திருந்தது. அதற்குத் தங்களிடம் ஒப்புதல் பெறவில்லை என்று சங்கம் கூறியது. வெளியிலிருந்து வாங்கும் கருவி நாம் ஒப்புக்கொண்ட நாளில் இருந்தபடியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. எந்த மாற்றத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதே துறையில் கருவியைச் சரியான இடத்தில் வைத்தவர்களும் இருக்கிறார்கள். தற்பால் ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால் புதுமை இளையோரின் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ட்ரெவர் ப்ராஜெக்ட் 2021-இல் இதே நுட்பத்தைக் கொண்டு, துயரத்தில் இருக்கும் இளைஞரைப் போல் உரையாடும் மென்பொருளை உருவாக்கி, புதிய ஆலோசகர்கள் அதனோடு பேசிப் பழகச் செய்தது. அந்த உரையாடலில் பிழை நேர்ந்தால் பயிற்சி பெறுபவர் இன்னொரு முறை முயல்வார். துயரத்தோடு உண்மையில் அழைப்பவரிடம் பேசுவது மனிதர்தான்.

அந்தச் சிறுமியின் படத்தில் உங்கள் மனம் ஒப்பவில்லை என்பதை நம்புங்கள். கொலம்பியாவில் 2021-இல் நடந்த போராட்டங்களைப் பற்றிய பதிவுகளில், 2023-இல் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களை வெளியிட்டது. போராடியவர்களின் முகங்களைக் காப்பதற்காகவே அப்படிச் செய்ததாக அது சொன்னது. உங்கள் தன்னார்வலர் சொல்லும் அதே காரணம், அதுவும் நேர்மையான காரணம். ஆனாலும் கண்டனம் எழுந்து படங்களை நீக்க நேர்ந்தது. ஏனென்றால் புகைப்படம் போல் இருக்கும் ஒரு படம், இது நடந்தது, இவர் இருக்கிறார் என்று பார்ப்பவரிடம் சாட்சி சொல்கிறது. இல்லாத சிறுமியைக் காட்டிப் பெற்ற நன்கொடையால், இருக்கும் பிள்ளைகளின் துயரமும் நாளை சந்தேகத்துக்கு உள்ளாகும். முகத்தைக் காக்க வேண்டுமானால் ஓவியரிடம் ஒரு கோட்டோவியம் வரையச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகளை மட்டும், அந்தப் பிள்ளையின் சம்மதத்தோடு படம் எடுங்கள்.

சம்மதம் என்றதும், செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உதவி வேண்டி நிற்பவரிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் அவர் எதற்கும் கையெழுத்திடுவார். மறுக்க முடியாதவரின் ஒப்புதலை ஒப்புதலாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுப்பதற்கு உண்மையான இடம் தர வேண்டும். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் சேர்க்க, இப்படி ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"உங்கள் விண்ணப்பத்தில் சான்றிதழ்கள் சரியாக இணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க மட்டும் கணினி நிரல் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். உங்களுக்கு உதவித்தொகை தருவதா இல்லையா என்பதை எங்கள் குழுவினர் படித்து முடிவு செய்வார்கள். கணினி நிரல் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டாம் என்றால் இந்தக் கட்டத்தில் குறியிடுங்கள். அதனால் உங்கள் விண்ணப்பம் பின்தள்ளப்படாது. முடிவில் பிழை இருப்பதாக நினைத்தால் கீழே உள்ள எண்ணில் அழையுங்கள். ஒரு மனிதர் பேசுவார்."

அந்த எண்ணில் யார் பேசுவார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.

அன்புடன்.