பரணில் வளரும் ஆடுகள் சுவரை நக்குகின்றன, ரோமம் செம்பட்டையாகிறது: எந்தத் தாது உப்பு, எவ்வளவு கொடுக்கலாம்?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: தருமபுரி பக்கம் பரண் கொட்டில், சேலம் கருப்பு ஆடுகள், கூடவே கொஞ்சம் மேச்சேரி செம்மறி. தீவனம் கோ 4 புல்லும் தவிடும். ஆடுகள் மண்ணைத் தின்கின்றன, சுவரை நக்குகின்றன, கருப்பு ரோமம் செம்பட்டையாகிறது, கடைசியாகப் பிறந்த குட்டிகளில் ஒன்றிரண்டு பின்னங்கால் தள்ளாடுகின்றன. கடைக்காரர் ஒரு கால்சியம் டானிக்கும் ஒரு ஊசியும் கொடுத்திருக்கிறார். ஊசியைப் போடாமல் இங்கே கேட்டீர்களே, அது நல்லது. இன்னும் கொஞ்ச நாள் அது போடாமலே இருக்கட்டும்.

தாது உப்பு வாங்கும் முன்னால் ஆட்டின் கீழ் இமையைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், கட்டை விரலால் மேல் இமையை மெல்ல அழுத்திக் கீழ் இமையை இறக்கினால் உள்ளே சதை தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறிப் போயிருந்தால் அது ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா அட்டை என்பது இந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத்தான். புழு இருக்கிற ஆடும் மெலியும், ரோமம் சொரசொரப்பாகும், மண்ணைத் தின்னும், பார்வைக்கு அப்படியே தாதுக் குறைபாடு மாதிரியே இருக்கும். பரணில் வளர்ப்பதால் புழு வராது என்று நம்ப வேண்டாம், தரையில் படர்ந்த புல்லை ஈரத்தோடு அறுத்துப் போட்டால் அதோடு புழுக்குஞ்சும் வந்துவிடும். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பரிசோதித்து, தேவையான ஆடுகளுக்கு மட்டும் எடைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுங்கள். புழுவை வயிற்றில் வைத்துக்கொண்டு தாது உப்பு கொடுத்தால் காசுதான் போகும்.

இமை சிவப்பாக இருந்தும் இதெல்லாம் தொடர்ந்தால், அப்புறம் தீவனத்துக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் கொட்டிலின் பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. வெள்ளாடு மேய்ச்சலில் இருந்தால் ஒரு செடியில் நாலு இலை, இன்னொரு மரத்தில் ரெண்டு கொத்து, கீழே விழுந்த வேல நெற்று என்று அலைந்து அலைந்து தின்னும், அதனாலேயே பெரும்பாலான தாதுக்கள் தானாகச் சேர்ந்துவிடும். பரணில் ஏற்றிக் கட்டி ஒரே புல்லைப் போட்டால் அந்த வழி அடைபடுகிறது. கோ 4 மாதிரியான கம்பு நேப்பியர் புல்லில் ஆக்ஸலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு. புல்லும் தவிடும் மட்டும் போனால் கால்சியம் ரெண்டு பக்கமும் அடிபடுகிறது. ஆகவே டப்பா வாங்குவதற்கு முன்னால் அகத்தி, வேலிமசால், முருங்கை, மல்பெரி என்று எது கிடைக்கிறதோ அதைக் கலந்து போடுங்கள். சூபாபுல்லும் போடலாம், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதிலுள்ள மிமோசின் ரோமத்தைக் கொட்ட வைக்கும், தைராய்டையும் தொந்தரவு செய்யும்.

சரி, தாது உப்புக் கலவை. வளர்ந்த ஆட்டுக்கு நாளைக்கு 5 முதல் 10 கிராம், தீவனம் தின்னத் தொடங்கிய குட்டிக்கு 2 முதல் 5 கிராம் போதும். சினை ஆட்டுக்கும் பால் கொடுக்கும் ஆட்டுக்கும் இதில் மேல் அளவான 10 கிராம். அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) நீங்களே அரைப்பதாக இருந்தால் 100 கிலோவுக்கு 2 கிலோ தாது உப்பு, 1 கிலோ சாதா உப்பு. ஒரு ஆடு 250 கிராம் அடர்தீவனம் தின்றால் 5 கிராம் தாது உப்பு உள்ளே போய்விடும், தனியாக அளக்கும் வேலையே இல்லை. மூட்டையின் லேபிளைப் படியுங்கள். இந்தியத் தர அளவுப்படி உப்பு சேர்க்காத கலவையில் கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம், செம்பு 0.1 சதவீதம், துத்தநாகம் 0.8 சதவீதம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். செம்பு, துத்தநாகம், கோபால்ட், அயோடின் என்று எதுவுமே எழுதாமல் வெறும் கால்சியம், பாஸ்பரஸ் மட்டும் போட்டிருந்தால் அது உங்களுக்கு உதவாது. பாட்டில் டானிக்குகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். அதோடு, டானிக்கை ஊற்றும்போது ஆட்டின் தலையை ரொம்ப மேலே தூக்கினால் மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சளிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். தீவனத்தில் கலப்பதே நிம்மதி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தாது உப்புக் கலவை தயாரித்து விற்கிறது, பக்கத்தில் அவர்களுடைய ஆராய்ச்சி மையம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். கீலேட் செய்த, அதாவது தாதுவைக் கரிமப் பொருளோடு பிணைத்த, விலை கூடின ரகம் சாதாரணப் பட்டிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து, அந்தக் காசுக்கு அகத்தி விதை வாங்கி வேலியோரம் போடலாம்.

உப்புக் கட்டியையும் தொங்க விடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். முட்டி மோதும் ஆடு நக்கிக்கொண்டே இருக்கும், ஒதுங்கி நிற்கும் ஆட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடத்தில் ஆடு கட்டிப் பக்கமே போகாது, ஏனென்றால் உப்பு ஏற்கெனவே தண்ணீரில் கிடைத்துவிடுகிறது.

இப்போது செம்பு. கருப்பு ரோமம் செம்பட்டையாவது, வாலின் நுனி ரோமம் உதிர்ந்து ரெண்டாகப் பிரிந்து நிற்பது, குட்டி பிறந்து சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் கழித்துப் பின்னங்கால் தள்ளாடுவது, காய்ச்சலும் இல்லை, பாலும் நன்றாகக் குடிக்கிறது என்றால் செம்புக் குறைபாட்டின் மேல் சந்தேகம் வர வேண்டும். சேலம் கருப்பு ஆட்டில் இது சீக்கிரம் கண்ணில் படும், வெள்ளை ஆட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம். ரோமத்தைப் பிரித்து வேர் வரைக்கும் பாருங்கள்: வெயிலில் வெளுத்ததாக இருந்தால் நுனி மட்டும்தான் செம்பட்டையாக இருக்கும், அடி கருப்பாக இருக்கும். அடியிலிருந்தே நிறம் மங்கியிருந்தால் அது உள்ளே இருக்கும் குறை. தள்ளாடும் குட்டிக்கு இனிமேல் செம்பு கொடுத்தாலும் முழுதாக நேராகாது, நரம்பு பெரும்பாலும் தாயின் வயிற்றில் இருக்கும்போதே கெடத் தொடங்கிவிடுகிறது. அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் காப்பாற்றும் வழி சினை ஆட்டைக் கவனிப்பதுதான். தண்ணீரில் இரும்பும் சல்பேட்டும் அதிகம் இருந்தாலும் தீவனத்தில் உள்ள செம்பு உடம்பில் சேராது, அதனால் தண்ணீரையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடும் ஒரு பிரச்சினை. அப்படிப்பட்ட இடத்தில் உரக்கடையில் விற்கும் ராக் பாஸ்பேட்டைத் தாது உப்பு என்று கலந்துவிடக் கூடாது, அதிலும் ஃப்ளோரின் இருக்கும், பல்லும் எலும்பும் சேர்ந்து கெடும்.

உங்கள் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது அந்தச் செம்மறிகள். வெள்ளாட்டுக்கு உலர் தீவனம் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் செம்பு வேண்டும், அது தாங்கும். செம்மறிக்கு அந்த அளவு மாதக்கணக்கில் போனால் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது. திடீரென்று ஒரு நாள், வண்டியில் ஏற்றிய அன்றோ மழையில் நனைந்த அன்றோ, கண் மஞ்சளாகி, மூத்திரம் காபி நிறத்தில் போய், ரெண்டு நாளில் ஆடு செத்துவிடும். வெள்ளாட்டுக்குச் செம்பு கூட்டினால் செம்மறியின் தொட்டி தனியாக இருக்கட்டும், அதற்கு செம்மறிக்கென்று தயாரித்த கலவையை மட்டும் கொடுங்கள். பன்றித் தீவனம், கோழித் தீவனம் மீந்தது என்று அதற்குப் போடவே கூடாது. பழைய வழக்கமாகச் சிலர் புழுவுக்கு மயில்துத்தம் கரைத்து ஊற்றுகிறார்கள். அதுவும் செம்புதான், கண்மூடித்தனமாக ஊற்றினால் வெள்ளாடே தாங்காது.

துத்தநாகம் குறைந்தால் மூக்கைச் சுற்றியும் காலிலும் தோல் தடித்துச் செதில் செதிலாகும், குளம்பு சரியாக வளராது, கிடாவின் விரை சிறுத்துப் போகும். சொறி என்று நினைத்து மருந்து தடவுவார்கள், ஆறாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு, கால்சியத்தை அள்ளிக் கொட்டினால் துத்தநாகம் உடம்பில் ஏறாது. அதனால்தான் கால்சியம் டானிக் ஊற்றியே தீர்ப்பது என்ற வழியை நான் ஒத்துக்கொள்வதில்லை.

கழுத்தில் வீக்கம் பார்த்தவுடனே அயோடின் குறை என்று முடிவு கட்ட வேண்டாம். தாடைக்கு அடியில் மெத்தென்று, விரலால் அழுத்தினால் குழி விழுகிற மாதிரி, சாயங்காலம் பெரிதாகிக் காலையில் வடிந்திருந்தால் அது புழுவால் ரத்தம் குறைந்ததன் வீக்கம். நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்று வளரும் குட்டிக்குத் தொண்டையில் வீக்கம் இருந்தால் அது தானாக அடங்கிவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம். பிறக்கும்போதே தொண்டையில் கட்டியோடு, ரோமம் இல்லாமல், பலவீனமாகவோ செத்தோ பிறந்தால் அதுதான் அயோடின் குறை. சூபாபுல், மரவள்ளித் தழை, முட்டைக்கோஸ் இலை மட்டுமே போட்ட சினை ஆட்டில் இது வரும். தீவனத்தில் சேர்க்கும் உப்பு அயோடின் கலந்த உப்பாக இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

பக்ரீத்துக்கு என்று காயடித்த கிடாக்களைத் தவிடும் மக்காச்சோளமும் கொட்டி வளர்ப்பவர்களுக்கு இது. பாஸ்பரஸ் மிகுந்து மூத்திரக் கல் வரும். கிடா அடிக்கடி முக்கும், வாலை ஆட்டும், சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது. அது மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தால் மூத்திரப்பை வெடித்துவிடும், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். இந்தக் கிடாக்களுக்கு டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) சேர்ப்பது தவறு, அதில் பாஸ்பரஸும் இருக்கிறது. கால்சைட் தூள், அதாவது சுண்ணாம்புக்கல் தூள்தான் சேர்க்க வேண்டும். கால்சியம் ரெண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்கிற கணக்கில் நிற்க வேண்டும். தவிட்டைக் குறையுங்கள், தண்ணீர் எப்போதும் நிறைய இருக்கட்டும்.

கடைக்காரர் கொடுத்த அந்த ஊசி செலீனியம், வைட்டமின் ஈ கலந்ததாக இருக்குமோ என்று பாருங்கள். செலீனியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குட்டிகளின் தசை விறைத்து எழுந்து நிற்க முடியாமல் போனால் அதற்கு டாக்டர் எடை பார்த்துப் போடுவார், நாமாகப் போடுவதல்ல.

எப்போது பலன் தெரியும் என்றும் கேட்டிருந்தீர்கள். மண் தின்பதும் சுவர் நக்குவதும் ரெண்டு மூன்று வாரத்தில் குறைய ஆரம்பிக்கும். தோல் தடிப்பும் ஏறக்குறைய அதே காலம். ரோமத்தின் நிறம் மட்டும் மெதுவாகத்தான் வரும், பழைய ரோமம் கருக்காது, புதிதாக முளைக்கும் ரோமம்தான் கருப்பாக வரும், ஆகவே ரெண்டு மூன்று மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் அடி ரோமம் மங்கலாகவே இருந்தால் அளவைக் கூட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் செம்பு சரியாகத் தெரிந்தாலும் ஈரலில் காலியாக இருக்கலாம். அடுத்த முறை உங்கள் பட்டியில் ஒரு ஆட்டைக் கறிக்கு அறுக்கும்போது ஈரலில் ஒரு துண்டைச் சுத்தமான பையில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, கூடவே புல்லும் தவிடும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் அங்கே இருக்கிறது. ஈரலை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு போனால் ஒரே பயணத்தில் வேலை முடியும்.