ராணுவ உபரி லாரியில் பின்பக்க இரட்டை டயரை ஒற்றையாக மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மலேசியாவின் ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் மாமாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அமெரிக்க ராணுவ உபரி எம்35ஏ2 லாரி ஒன்று ஓடுகிறது. பின்னால் உள்ள எட்டு டயர்களை நான்காக்க வேண்டும். வெளி டயர்களைக் கழற்றிவிட்டால் போதுமா? பிறகு லாரியைச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்து பதிய முடியுமா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த லாரியைப் போல ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் உள்ள வண்டி வழக்கமான பதிவுக்கு வராது. பழைய வண்டியை இறக்குமதி செய்தால் அதற்கு மூன்று வயது ஆகியிருக்கக் கூடாது. அதன்மேல் வாகன உரிமைச் சான்றிதழும் (சிஓஇ) வாங்க வேண்டும். சக்கர அமைப்பை இப்படி மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். வண்டி தோட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். தேசிய சேவையில் த்ரீ டன்னர், ஃபைவ் டன்னர் ராணுவ லாரிகளை ஓட்டியவர்களுக்கு இதன் உருவம் பழக்கமாகத் தெரியலாம். ஆனால் இதன் ஆக்சில், நட், பிரேக் மூன்றும் வேறு ரகம். அங்கே கற்ற கைப்பழக்கத்தை இங்கே அப்படியே நம்ப வேண்டாம்.

இனி முதல் கேள்வி. வெளி டயரைக் கழற்றினால் மட்டும் போதாது. சுமை, சக்கரம் நிற்கும் இடம், நட் என்று மூன்று கணக்கு இதில் இருக்கிறது. முதல் கணக்கை எல்லாரும் போட்டுப் பார்ப்பார்கள். பின்னால் தொல்லை தருவது மற்ற இரண்டும்தான்.

சுமை: இந்த லாரியின் வெற்று எடை ஏறக்குறைய 5,900 கிலோ. அதில் பாதிக்குச் சற்று மேல் பின் ஆக்சில்களில் நிற்கும். 3,200 என்று வைத்துக்கொள்வோம். ராணுவம் இதற்குக் காட்டுப் பாதையில் 5,000 பவுண்டு (2,270 கிலோ), நல்ல சாலையில் 10,000 பவுண்டு (4,540 கிலோ) சுமை குறித்திருந்தது. பழக்குலை ஏற்றும்போது யாரும் காட்டுப் பாதை அளவோடு நிறுத்த மாட்டார்கள். அதனால் பெரிய எண்ணையே எடுங்கள். பெட்டியில் ஏறும் சுமை கிட்டத்தட்ட முழுவதும் பின்னால்தான் விழும். 3,200-ஐயும் 4,540-ஐயும் கூட்டி நான்கால் வகுத்தால் ஒரு டயருக்கு 1,935 கிலோ. பள்ளம் மேட்டில் ஒரு சக்கரம் தன் பங்கைவிட அதிகம் தாங்கும். எனவே கால் பங்கு கூட்டி 2,400 கிலோ என்று எழுதிக்கொள்ளுங்கள். அனுமானம் வேண்டாம் என்றால் ஆலையின் எடைமேடையில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்தி, வெற்று வண்டியையும் சுமை வண்டியையும் எடை போடுங்கள். அரை மணி நேர வேலை.

அந்த எண்ணை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். 11.00ஆர்20 டயரில் சுமைக் குறியீடு 150/147 என்று இருந்தால் ஒற்றையாக ஓடும்போது 3,350 கிலோ, இரட்டையில் ஒன்றாக ஓடும்போது 3,075 கிலோ தாங்கும். இது தாராளம். ஆனால் லாரியோடு வந்த 9.00-20 ராணுவ டயர் எட்டு அடுக்கு நைலான். அதை ஒற்றையாக விட்டால் வெற்று வண்டியைத் தாங்கும். சுமையோடு ஓடினால் பக்கச்சுவர் சூடேறிப் பிளக்கும். அதன் மேலேயே எழுதியிருக்கும் எடையையும் காற்றழுத்தத்தையும் பார்த்தாலே புரிந்துவிடும். டயரை மட்டும் பார்த்துவிட்டு ரிம்மை மறக்காதீர்கள். இதுவரை இரண்டு ரிம் பகிர்ந்த சுமையை இனி ஒன்று தாங்கப் போகிறது. ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்) துளையிலிருந்து ஓடும் மயிரிழை விரிசலைத் தேட, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

எந்த அளவு டயர்? 9.00-20-இன் உயரம் சுமார் 1,030 மி.மீ. 11.00ஆர்20 சுமார் 1,085. பெரிய லாரியிலிருந்து வரும் 395/85ஆர்20 சுமார் 1,180. பின் இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே 48 அங்குலம், அதாவது 1,219 மி.மீ. கழித்துப் பாருங்கள்: 395 போட்டால் இரண்டு டயர்களுக்கும் இடையே 39 மி.மீ. மட்டுமே மிஞ்சும். செம்மண் களி அப்பினால் அந்த இடைவெளி அடைத்துக்கொள்ளும். 1,340 மி.மீ. வரும் 16.00ஆர்20 ஆறு சக்கர வண்டியில் நுழையவே நுழையாது. அதோடு 395-க்கு உரிய ராணுவ ரிம்மில் பத்துத் துளை. எம்35ஏ2-வில் ஆறே ஸ்டட், 8.75 அங்குல வட்டத்தில். உயரம் கூடக் கூட பிரேக்கின் பிடியும் குறையும். 1,180-க்குப் போனால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை சுமார் 13 சதவீதம் குறைவு. இந்த லாரியின் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு பைப் வெடித்தால் எல்லாச் சக்கரமும் போய்விடும். ஸ்டியரிங்கிலும் பவர் கிடையாது. தோட்ட வேலைக்கு என் பரிந்துரை 11.00ஆர்20 மட்டுமே. லாரியின் 7.5 அங்குல ரிம்மிலேயே ஏறும். ட்யூபும் அந்த அளவுக்குரிய ஃப்ளாப்பும் (ட்யூபுக்கும் ரிம்முக்கும் நடுவே வரும் ரப்பர் பட்டை) புதிதாக வாங்குங்கள். பழைய 9.00 ஃப்ளாப்பைத் திணித்தால் ஓரம் மடிந்து ட்யூபை அறுக்கும்.

முன் இரண்டையும் சேர்த்து ஆறு டயரும் ஒரே அளவு, ஒரே மாடல், ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். காரணம், பின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே டிஃபரென்ஷியல் (இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. முன்னதின் வழியாகவே பின்னதுக்கு ஷாஃப்ட் போகிறது. ஒரு ஆக்சிலின் டயர் விட்டம் ஒரு சதவீதம், அதாவது 10 மி.மீ. குறைந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பத்து மீட்டர் தூரத்தை ஏதோ ஒரு டயர் தேய்ந்தே கடக்க வேண்டும். சேற்றில் அது வெளியே தெரியாது. காய்ந்த தார்ச்சாலையில் ஷாஃப்டும் பல்சக்கரமும் முறுக்கிக்கொள்ளும். காற்றடித்து முடித்ததும் ஒவ்வொரு டயரின் சுற்றளவையும் தையல்காரர் நாடாவால் அளந்து சாக்கட்டியால் டயரிலேயே எழுதி வையுங்கள்.

அடுத்தது சக்கரம் நிற்கும் இடம். இந்த ரிம்மின் தட்டு ஆழமான கிண்ணம் போலக் குழிந்திருக்கும். இரட்டையில் இரண்டு கிண்ணங்களின் அடியும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, டயர்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். வெளியதைக் கழற்றினால் மிஞ்சும் டயர் உள்ளே ஒதுங்கும். உள்ளதைக் கழற்றி வெளியதை விட்டால் டயர் வெளியே தள்ளி நிற்கும். உதாரணத்துக்கு இரண்டு டயர்களின் நடுக்கோட்டுக்கும் 300 மி.மீ. தூரம் என்றால், முன்பு சுமையின் மையம் இருந்த இடத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு 150 மி.மீ. விலகல். உள்ளே ஒதுங்கினால் வண்டியின் நிலை குறுகிச் சரிவில் சாயும் பயம் வரும்; அகலமான டயர் ஸ்ப்ரிங்கில் உரசலாம். வெளியே தள்ளினால் சுமை வெளி பேரிங்கையும் ஸ்டட்டையும் நெம்புகோல் போல நெம்பும்.

ஒற்றை டயரின் உண்மையான பலன், பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்திலேயே வருவதுதான். வடகிழக்குப் பருவமழையில் முன் டயர் வெட்டிய தடத்தில் பின் டயரும் ஓடினால் எஞ்சினுக்குப் பாரம் குறையும். இரட்டை டயர் தன் அகலத்துக்குப் புதுச் சேற்றை வெட்டியாக வேண்டும். நடுவில் கல்லும் குலைக்காம்பும் சிக்கும். தடம் ஒத்துவராவிட்டால் அந்தப் பலன் முழுவதும் போய்விடும். அதனால் ரிம் வாங்கும் முன் அளவெடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் டயரின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரம் முன் தட அகலம். பின்னால் உள் டயர்களுக்கும் அதே மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் புது ரிம்மின் தட்டு நகர வேண்டிய தூரம். அதற்கேற்ற ஆஃப்செட்டில் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தட்டு விலகியிருக்கும் தூரம்) ரிம் செய்து வாங்குவதே சுத்தமான வழி. பின் ஹப்பையே (ரிம் பொருந்தும் நடுப்பகுதி) திருப்பிப் பொருத்தும் முறையும் உண்டு. அது லேத் பட்டறை வேலை; டிரம், பேரிங் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். பழைய ரிம்மின் தட்டை வெட்டி வெல்டிங் செய்து நகர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஸ்பேசர் தட்டு வைப்பதும் வேண்டாம்.

நட். இரட்டை டயர் ஹப்பில் 3/4 அங்குல, அங்குலத்துக்கு 16 மரை உள்ள ஸ்டட்டின் மேல் நீண்ட உள் நட் ஏறும். அதன் வெளிப்பக்க 1 1/8 அங்குல மரையில் வெளி நட் ஏறும். உள் நட்டின் முனை 13/16 அங்குலச் சதுரம். வெளி நட் 1 1/2 அங்குல அறுகோணம். ஒற்றை ரிம்முக்கு இந்த ஜோடி வேண்டாம். முன் சக்கரத்துக்குரிய, குழிந்த இருக்கையில் உட்காரும் ஒற்றை நட்டை வாங்கி, ஸ்டட்டின் மரையைத் த்ரெட் கேஜால் சரிபார்த்துப் போடுங்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் தவறு இங்கேதான். இங்கும் ஜொகூரிலும் கையில் இருப்பது ஜப்பானிய லாரிகளின் 41 மி.மீ., 21 மி.மீ. ஸ்பேனர். 13/16 என்பது 20.6 மி.மீ.; 21 அதில் ஓரளவு பிடிக்கும். அதே நம்பிக்கையில் 1 1/2 அங்குல, அதாவது 38.1 மி.மீ. வெளி நட்டில் 41-ஐ மாட்டினால் மூலை வழுக்கி உருண்டையாகிவிடும். நட்டும் அப்படித்தான். எம்20 மரை 1.5 மி.மீ. இடைவெளி, 3/4 அங்குலத்தில் 16 மரை என்பது 1.59 மி.மீ. ஜப்பானிய நட் கையால் இரண்டு சுற்று ஏறும், பொருந்திவிட்டது போலவே இருக்கும். ஆனால் பிடிப்பது மரையின் நுனி மட்டும்தான். சுமை ஏறியதும் உரித்துக்கொண்டு வந்துவிடும். தட்டையான வாஷர் உள்ள புதுவகை நட்டும் இந்த ரிம்மில் உட்காராது.

வண்டியின் இடப்பக்க ஸ்டட்டுகளுக்கு இடது மரை. முனையில் எல் என்று பொறித்திருக்கும். தெரியாமல் நீளக்குழாய் போட்டு எதிர்த்திசையில் அழுத்தினால் ஸ்டட் முறியும். ரிம்மில் நட் உட்காரும் குழியில் பெயின்ட் இருக்கவே கூடாது. முறுக்கும்போது பெயின்ட்டுக்கு மேல் இறுகும். ஓடும்போது பெயின்ட் நசுங்கி நட் தளரும். மரையில் எண்ணெயும் வேண்டாம். ஆறு நட்டையும் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். இந்த வகை நட்டுக்குப் பொதுவான அளவு 450 முதல் 500 பவுண்டு-அடி, அதாவது 610 முதல் 680 நியூட்டன்-மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

ரிம்மைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இது லாக் ரிங் ரிம்; தனியான இரும்பு வளையம்தான் டயரை ரிம்மில் பிடித்து வைத்திருக்கும். வண்டியிலிருந்து இறக்கும் முன்பே வால்வுக்குள் இருக்கும் முள்ளைக் கழற்றி முழுக் காற்றையும் விடுங்கள். திரும்பக் காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள், மாட்டிவிட்டு விலகி நிற்கும் நீளக் குழாயால். ரிங் சரியாக உட்காரவில்லை என்றால் காற்று இருக்கும்போது சுத்தியலால் தட்டாதீர்கள். முழுக்க இறக்கிவிட்டு மறுபடி பொருத்துங்கள். துருவில் உப்பிய ரிங்கையும், வேறு ரிம்மிலிருந்து வந்த ரிங்கையும் தூக்கிப் போடுங்கள். அது தெறித்தால் ஆளே போய்விடுவார்.

இரட்டையில் ஒன்று பஞ்சரானால் தள்ளாடியாவது கடைவரை வரலாம். ஒற்றையில் வண்டி அங்கேயே நிற்கும். அதனால் ஏழாவதாக ஒரு 11.00 சக்கரம், அதைத் தூக்க ஒரு சங்கிலிக் கப்பி, களிமண்ணில் ஜாக் புதையாமலிருக்க ஒரு கனத்த பலகை மூன்றும் பெட்டியில் இருக்கட்டும்.

மாட்டிய பிறகு முதல் 80 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். 160-இல் இன்னொரு முறை. அதற்குப் பிறகும் காலையில் வண்டி எடுக்கும் முன் நட்டைச் சுற்றிப் பாருங்கள். துளையிலிருந்து காவி நிறத்தில் துருக்கோடு வழிந்திருந்தால் அந்த நட் தளர்ந்துவிட்டது. வெறுமனே இறுக்கிவிட்டு ஓட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி நட்டின் இருக்கையையும் ஸ்டட்டையும் பார்த்த பிறகு மாட்டுங்கள்.